கேட்டால் வேலை: மகாராஷ்டிரத்தின் சட்டம்

வறட்சி வந்தால் அரசாங்கம் வேலை கொடுப்பது புதிய விடயமல்ல. குளம் வெட்டுவிப்பார்கள், வீதி போடுவிப்பார்கள், மழை பெய்ததும் நிறுத்திவிடுவார்கள். கொடுப்பதும் நிறுத்துவதும் அதிகாரியின் கையில். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் இந்நிலை எவ்வாறு மாறியது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1970களின் தொடக்கத்தில் அங்கே கடும் வறட்சி. 1972இல் வேலை உத்தரவாதத் திட்டம் ஆரம்பமாகியது. 1977இல் அதற்கெனச் சட்டம் நிறைவேறி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. கிராமத்தில் உடலுழைப்புக்குத் தயாரான வளர்ந்தவர் எவரும் வேலை கேட்கலாம். 15 நாட்களுக்குள் வேலை கொடுக்கவேண்டும். தவறினால் வேலையற்றோர் கொடுப்பனவு கொடுக்கவேண்டும். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாட்டை நாம் விளக்கத் தேவையில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? 1975இல் சம்பளம் பெறுவோர் மீதும் தொழில் செய்வோர் மீதும் தொழில்வரி விதித்தார்கள். அந்த வரிப்பணத்தோடு மாநில அரசும் தன் பங்கைப் போட்டது. ஆகவே பட்டணத்தவரின் பணம் கிராமத்துக் கூலியாயிற்று.

செய்த வேலையின் அளவுக்கே கூலி. வெட்டிய மண்ணை அளந்து கணக்குப் பார்ப்பார்கள். கூலி அதிகமில்லை, வேறு வழியுள்ளவர் வரமாட்டார், வழியற்றவரே வருவார் என்பது திட்டத்தின் எண்ணம். பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கூலியாட்கள் கட்டிய நீர்த்தேக்கங்களால் கிணறுகளில் நீர் ஊறியது. ஆனால் கிணறு நிலமுள்ளவனுடையது. நிலமற்றவனுக்குக் கிடைத்தது அன்றைய கூலி மட்டுமே.

2005இல் இந்தியா முழுவதற்கும் இவ்வாறான சட்டம் வந்தது. கிராமக் குடும்பமொன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலை. விண்ணப்பம் கொடுத்தவருக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்றும் விதி இருந்தது. முக்கியமானது இந்தத் துண்டுதான். 15 நாட்களும் அந்தத் திகதியிலிருந்தே எண்ணப்படும். பல இடங்களில் பற்றுச்சீட்டுக் கொடுக்காமல் வாய்மொழியாகவே அனுப்பிவிட்டார்கள். திகதி இல்லையென்றால் தாமதமும் இல்லை, கொடுப்பனவும் இல்லை! அந்தக் கொடுப்பனவு மிக அரிதாகவே கைக்கு வந்தது. கூலியும் பல தடவை மாதக்கணக்கில் பிந்தியது. 2025 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்கு, 125 நாள் என்று கூறும் புதிய சட்டமொன்றை இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

உங்கள் சங்கத்தில் பேசிப் பாருங்கள்:

வேலைக்கு, நிவாரணத்துக்கு, காணிக்கு என நீங்கள் கொடுத்த விண்ணப்பங்களில் எத்தனைக்குத் திகதியிட்ட துண்டு கையில் இருக்கிறது?

இத்தகைய சட்டத்தின் கீழ் குடும்பங்கள் வசிக்கும் கிராமத்திலேயே பதியவேண்டும். ஊரைவிட்டு வந்து வேறிடத்தில் தங்கியிருப்பவர் எந்தக் கிராமத்தில் பதிவது?