ஏர்பிரஷ்ஷுக்கு எந்த கம்ப்ரஸர் வாங்கலாம்?

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியில் பிடித்த படத்தை வரைய விரும்புகிறீர்களா? அதற்கு ஏர்பிரஷ்ஷும், அதற்குக் காற்று தரும் சிறிய கம்ப்ரஸரும் தேவை. பலர் அதிகபட்ச அழுத்தத்தை மட்டும் பார்த்து கம்ப்ரஸர் வாங்குகிறார்கள். ஏர்பிரஷ்ஷுக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 பி.எஸ்.ஐ. போதும். கார் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் விலை குறைவுதான்; ஆனால் தொடர்ந்து ஓடினால் சூடாகிவிடும்.

குறைந்த விலையில் வாங்கினாலும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. டேங்க்: 3 லிட்டர் போதும். டேங்க் இல்லாவிட்டால் காற்று விட்டுவிட்டு வரும். கோடு சீராக விழாது.

2. ரெகுலேட்டர்: மெல்லிய கோட்டுக்கு அழுத்தத்தைக் குறைக்கவும், பரந்த இடத்துக்குக் கூட்டவும் இது வேண்டும்.

3. ஈரம் பிரிக்கும் ஃபில்டர்: அழுத்தப்பட்ட காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராக மாறும். ஒரு துளி தெறித்தாலும் படம் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: கம்ப்ரஸரை கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் இணைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். யு.பி.எஸ். நின்றுபோனால் சேமிக்காத ஃபைல்களை இழப்பீர்கள். சுவரில் உள்ள பிளக்கையே பயன்படுத்துங்கள்.

மூடியைக் கழற்றி எடுத்துச் சென்று, காற்றோட்டமான வேறு இடத்தில் மாஸ்க் அணிந்து வண்ணம் அடியுங்கள். கம்ப்யூட்டர் அருகில் அடித்தால் கேபினெட் ஃபேன் வண்ணத் துகள்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.