தொடக்கப் பொத்தான் எங்கே போனது?

கேள்வி: விண்டோஸ் 8 வெளிவரும் முன்பே மக்கள் அதிருப்தி தெரிவித்தார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 2012 பிப்ரவரி 29 அன்று பார்சிலோனாவில் அதன் முன்னோட்டப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஒரே நாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள்! கணினி சட்டென்று உயிர்பெறுவதையும் புதிய டாஸ்க் மேனேஜரையும் பலர் மனதாரப் பாராட்டினார்கள். ஆனால் விண்டோஸ் 95 முதல் கைக்குப் பழகியிருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். அதற்குப் பதிலாகத் திரையின் மூலைக்கு மவுஸைக் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சொல்லாமல் எப்படித் தெரியும்? கணினியை அணைக்கவே வலது ஓரத்தில் ஒளிந்திருந்த பட்டையைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் போய், பவரைத் தேட வேண்டியிருந்தது. தொடுதிரைக்காக வரைந்ததை மவுஸ் பிடித்தவர்கள் தலையில் கட்டியது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

அக்டோபரில் முழுப் பதிப்பும் ஏறக்குறைய அப்படியேதான் வந்தது. முன்னோட்டம் விடுவதே பயனர்கள் சொல்வதைக் கேட்கத்தானே! 2013இல் விண்டோஸ் 8.1 பொத்தானைத் திருப்பித் தந்தது. ஆனால் பழைய ஸ்டார்ட் மெனு திரும்ப 2015இல் விண்டோஸ் 10 வர வேண்டியிருந்தது.