பாடம் தேர்தலும் வழி கேட்டலும்

மதுரையிலிருந்து மேற்கே தேனி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உசிலம்பட்டி என்னும் ஊர் உளது. வானம் பார்த்த நிலங்கள் சூழ்ந்த ஊர் அது. காலை வேளையில் அதன் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நிற்பார்க்கு ஓர் இனிய காட்சி புலனாகும். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வந்த மாணவரும் மாணவியரும் கையில் நூல்களோடு காத்து நிற்பர். சிலர் அவ்வூரிலேயே உள்ள பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிக்குச் செல்வர். சிலர் கருமாத்தூரில் 1970இல் தொடங்கப்பெற்ற அருளானந்தர் கல்லூரிக்குச் செல்வர். வேறு சிலர் மதுரை மாநகரின் பழம்பெருங் கல்லூரிகளை நாடிச் செல்வர். இவருள் பலர், தம் குடும்பத்தில் கல்லூரியின் வாயிலை முதன்முதலாக மிதிப்பவர் ஆவர்.

முதன்முதலாகச் செல்பவர்க்கு ஓர் இடர் உண்டு. வழி கேட்க வீட்டில் ஆள் இல்லை. தந்தைக்கு நிலத்தின் இயல்பு தெரியும்; எந்த மழைக்கு எதை விதைப்பது என்பது தெரியும். ஆனால் எந்தப் பட்டத்திற்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? உயிரியலைப் பயில விரும்புவோர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி. ஏனெனில் உயிரியல் ஒரு பாதை அன்று; பல கிளைகள் பிரியும் சாலை அது.

சிற்றூர் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. அவள் மேனிலைப் பள்ளியில் உயிரியலை விரும்பிக் கற்றாள். மருத்துவராக வேண்டும் என்பதே அவள் கனவு. இல்லத்தாரின் கனவும் அதுவே. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. அதனால் பலர் பயன் பெற்றனர். எனினும், விரும்புவோர் பலராகவும் இடங்கள் சிலவாகவும் இருத்தலின், அவளுக்கு இடம் கிட்டவில்லை. அவள் தந்தை ஆசிரியரிடம் சென்று, "ஐயா, டாக்டர் படிப்பு இல்லை என்றாகிவிட்டது. இனி எது கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடலாமா?" என்று வினவினார்.

ஆசிரியர் விரைந்து விடை கூறவில்லை. மாணவியை நோக்கி, "அம்மா, மூன்று ஆண்டுகள் சென்றபின் நீ எங்கே நிற்க விரும்புகிறாய்?" என்று கேட்டார். அவள் மறுமொழி கூற இயலாது நின்றாள். அக்கேள்வியை அதுவரை அவளிடம் எவரும் கேட்டதில்லை.

நல்ல வழிகாட்டலின் தொடக்கம் இக்கேள்வியே ஆகும். உழவன் அறுவடைக் காலத்தை எண்ணி விதைக்கும் நாளைக் குறிக்கிறான். அதுபோல, மாணவன் முடிவை எண்ணித் தொடக்கத்தை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஆசிரியப் பணியை விரும்புவோர் பட்டத்தின்பின் ஈராண்டுக் கல்வியியல் பட்டமும், தகுதித் தேர்வும் உண்டு என்பதை முன்னரே அறிதல் வேண்டும். காட்டையும் விலங்கையும் காக்க விரும்புவோர்க்கு இந்திய வனப்பணித் தேர்வு உளது. அத்தேர்வை எழுதத் தகுதி தரும் பாடங்களுள் தாவரவியலும் விலங்கியலும் அடங்கும். ஆராய்ச்சியை நாடுவோர் முதுநிலைப் படிப்பிற்குரிய நுழைவுத் தேர்வுகளை இரண்டாம் ஆண்டிலேயே எண்ணத் தொடங்குதல் நலம்.

இனி, மூன்றாண்டுப் படிப்பின் அமைப்பையும் அறிதல் வேண்டும். அது 6 பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் அதனைச் சார்ந்த துணைப் பாடங்களும் அமையும். அவற்றோடு விருப்பப் பாடங்களும், திறன் வளர்க்கும் பாடங்களும், சமுதாயத் தொண்டும் உண்டு. ஒவ்வொன்றிற்கும் கிரெடிட் என்னும் அளவு உண்டு. உரிய கிரெடிட்டுகள் நிறைந்தாலன்றிப் பட்டம் கிட்டாது. எனவே, ஒரு பருவத்தில் தவறிய தாளை அடுத்த பருவத்திற்கும், அதனை அதற்கடுத்த பருவத்திற்கும் தள்ளிக்கொண்டே செல்பவன், இறுதியில் பெருஞ்சுமையைத் தாங்க நேரிடும்.

துணைப் பாடந்தானே என்று எண்ணுதல் பெரும்பிழை. முதலாண்டில் வேதியியலைத் துணைப் பாடமாகக் கொள்ளாத ஒருவன், மூன்றாண்டு சென்றபின் உயிர்வேதியியலில் முதுநிலை பயில விழைவானாயின், பல இடங்களில் கதவு அடைபட்டிருக்கக் காண்பான். அடைத்தவர் எவரும் அல்லர். முதலாண்டில் ஒரு நாள் அவன் எண்ணாமல் இட்ட கையொப்பமே அது.

பட்டத்தின் பெயரிலும் கருத்து வேண்டும். நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், உயிர்த்தகவலியல் என உயிரியலின் புதுக்கிளைகள் பலவற்றிற்குத் தனிப் பட்டங்கள் தோன்றியுள்ளன. அவை சிறந்த கல்வியைத் தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரசுப் பணிக்கு, குறிப்பாக ஆசிரியப் பணிக்குச் செல்ல எண்ணுவோர், அப்பட்டம் எதற்கு இணையானது என்று அரசாணை கூறுகிறதா என்பதைச் சேரும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். பட்டம் பெற்றபின் கேட்கும் கேள்வி, வெள்ளம் வடிந்தபின் கட்டும் அணை போன்றதாகும்.

இவ்வளவு எண்ணிய பின்னும் பாதை மாறுதல் கூடும். அது குற்றமன்று. வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதனின் வாழ்க்கை இதனை விளக்கும். அவர் 1925இல் கும்பகோணத்தில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர். சுவாமிநாதன் சிறுவனாயிருக்கும்போதே அவர் மறைந்தார். மகனும் மருத்துவனாதல் வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினர். சுவாமிநாதன் திருவனந்தபுரத்தில் விலங்கியல் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தே, 1943இல், வங்கத்தில் பெரும்பஞ்சம் நேர்ந்து எண்ணற்ற மக்கள் மடிந்தனர். அத்துயரம் அவர் நெஞ்சை உலுக்கியது. அவர் மருத்துவத்தை நாடாது கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர்ப் பயிர் மரபியலில் ஆழ்ந்தார். பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட அவர்க்கு 1987இல் உலக உணவுப் பரிசும், மறைவிற்குப்பின் 2024இல் பாரத ரத்னா விருதும் வழங்கப்பெற்றன. மருத்துவர் ஆகாமை அவர்க்குத் தோல்வி ஆயிற்றா? இல்லை. காரணம் தெரிந்து பாதையை மாற்றினார். மாற்றிய பாதையில் உறுதியாக நடந்தார்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை செல்லும் அதே சாலையின் ஓரத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உளது. அதன் அண்மையில் சமணர் மலை நிற்கிறது. அங்குள்ள குகை ஒன்றில் வாழும் பூச்சியுண்ணும் வௌவால்களைப் பல்கலைக்கழகத்தின் உயிரியலறிஞர் எம்.கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். பகலவன் ஒளி புகாத குகையின் உட்புறத்தே சில வௌவால்களை அவர்கள் கூண்டில் வைத்தனர். ஒளியைக் காணாதபோதும், தம் கூட்டத்தார் மாலையில் வெளியேறி விடியலில் திரும்புவதை உணர்ந்து, அவ்வௌவால்கள் காலக்கணக்குத் தவறாமல் இயங்கின. கூட்டத்தார் துணையின்றித் தனித்து வைக்கப்பட்டவற்றின் கணக்கோ நாள்தோறும் சிறிது சிறிதாக விலகிச் சென்றது. இவ்வாய்வு 1981இல் வெளியாயிற்று.

இருளில் இருப்பவர்க்கு, வெளியே சென்று திரும்பியவரே காலம் காட்டுவர். இது வௌவாலுக்கு மட்டும் உரிய உண்மை அன்று. கல்லூரியை முன்னரே கண்ட மூத்த மாணவரும், வகுப்பின் பொறுப்பாசிரியரும், துறைத் தலைவரும் புதியவர்க்கு அத்தகைய துணைவர் ஆவர். அவர்களை அணுகிக் கேட்க நாணுதல் கூடாது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒரு முறையேனும் தன் பாடத் திட்டத்தை ஆசிரியரிடம் காட்டிக் கருத்தறிதல் நன்று. கேட்டபின் முடிவு செய்யும் உரிமை மாணவனுடையதே. வழிகாட்டுவோர் அவனுக்காக நடக்க இயலாது.

முன்னர்க் கூறிய மாணவி விலங்கியலை முதன்மைப் பாடமாகவும், வேதியியலைத் துணைப் பாடமாகவும் தேர்ந்து சேர்ந்தாள் என்க. அவள் தந்தை இப்பொழுது கவலையின்றி நிலத்திற்குச் செல்வார். அடுத்த ஆண்டு, அவ்வூரிலிருந்து மற்றொரு சிறுமி அதே கேள்வியோடு வருவாள். அப்பொழுது அவளுக்கு வழிசொல்ல அவ்வூரிலேயே ஒருத்தி இருப்பாள். ஒருவர் பெற்ற வழிகாட்டல் ஊருக்கே ஆகும் செல்வம் என்பது அன்று விளங்கும்.

பயிற்சி

1. கல்லூரிக்கு முதன்முதலாகச் செல்வோர்க்கு நேரும் இடர் யாது?
2. துணைப் பாடத்தைக் கருத்தின்றித் தேர்வதால் விளையும் தீங்கினை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. எம்.எஸ். சுவாமிநாதன் தம் பாதையை மாற்றிக்கொண்டமைக்குக் காரணம் என்ன?
4. சமணர் மலை வௌவால்கள் பற்றிய ஆய்வு மாணவர்க்கு உணர்த்தும் உண்மையை ஒரு பத்தியில் எழுதுக.