வேலை நேரம் குறைந்தால் பிள்ளையின் ஜீவனாம்சம் குறையுமா?

நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்திலிருந்து சட்டம் படித்துவிட்டு ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், தூத்துக்குடி நீதிமன்றங்களுக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சொத்து வழக்கும் கொலை வழக்கும் பிறகு வரட்டும். முதலில் உங்கள் மேசைக்கு வரப்போவது ஜீவனாம்ச வழக்கு. அதில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் பேச்சு இது: "ஷிப்டு குறைஞ்சிட்டு, ஓ.டி. இல்ல, முன்ன மாதிரி கொடுக்க முடியாது சார்." அப்பாவுக்கு ஆஜராகும்போதும் அம்மாவுக்கு ஆஜராகும்போதும் இதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

1. சம்பளம் தானாகக் குறைந்ததா, அவர் குறைத்துக்கொண்டாரா என்று முதலில் கேளுங்கள். வழக்கின் பாதி இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை மூட அரசு உத்தரவிட்டபோது, அதை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளிகளும் லாரிக்காரர்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ஆலையைப் பற்றி உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும் சரி, அவர்கள் வருமானம் போனது உண்மை. அதைச் சொல்லிக் குறைப்புக் கேட்க அவர்களுக்கு நியாயம் இருந்தது. நோட்டீஸ் வந்த அடுத்த மாதமே நிரந்தர வேலையை விட்டுவிட்டு, "அண்ணன் கடையில் கூடமாட நிற்கிறேன், சாப்பாடு மட்டும்தான்" என்று சொல்பவர் கதை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மனு எழுதிக் கொடுக்காதீர்கள்.

2. நீதிமன்றம் பார்ப்பது வாங்கும் சம்பளத்தை மட்டுமல்ல, சம்பாதிக்கக்கூடிய திறனையும்தான். இரண்டு தீர்ப்புகளை முழுதாகப் படியுங்கள். சுருக்கக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு வந்து நிற்காதீர்கள். ஒன்று, 2015இல் வந்த ஷமீமா ஃபரூக்கி வழக்கு. கணவர் ராணுவத்தில் இருந்தவர். குடும்ப நீதிமன்றம் மாதம் 4,000 ரூபாய் என்றது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்ற காரணத்தைக் காட்டி உயர்நீதிமன்றம் அதை 2,000 ஆக்கியது. உச்சநீதிமன்றம் மறுபடி 4,000 ஆக்கியது. அந்தப் பெண் மனுக் கொடுத்தது 1998இல் என்பதையும் கவனியுங்கள். மற்றொன்று, 2022இல் வந்த அஞ்சு கார்க் வழக்கு. தொழிலை மூடிவிட்டேன், வருமானம் இல்லை என்றார் கணவர். உடலில் தெம்புள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று சொல்லி, மனைவிக்கு 10,000, மகனுக்கு 6,000 என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்பா பக்கம் நிற்பவர்கள் இதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். விபத்து, நோய், ஆலை மூடல், நிர்வாகமே ஆள்குறைப்புச் செய்தது என்று உண்மையான காரணம் இருந்தால் அதைக் கேட்கும் காது நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆனால் காகிதம் வேண்டும். நிர்வாகத்தின் கடிதம், இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று, முந்தைய பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, வேறு எங்கெங்கே வேலை கேட்டார் என்பதற்கான ஆதாரம் எல்லாம் வேண்டும். வாய்ச்சொல் நிற்காது.

3. உத்தரவு தானாகக் குறையாது. இதை ஒவ்வொரு அப்பாவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. உத்தரவை மாற்றக் கேட்கும் 127 இப்போது 146. சூழ்நிலை மாறியதைக் காட்டி அந்தப் பிரிவில் மனுப் போட்டு, நடுவர் மாற்றி உத்தரவிடும்வரை பழைய தொகைதான் கடன். மாதம் 6,000 கட்ட வேண்டியவர் தாமாகவே முடிவெடுத்து எட்டு மாதம் 3,000 கட்டினால் 24,000 ரூபாய் நிலுவை. அதற்கு வாரண்டு வரும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. "உள்ளே போய்விட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது" என்று ஊரில் சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். தீராது. சிறை வசூலுக்கான வழிதானே தவிர, கடனுக்கு ஈடு அல்ல என்று 1989லேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை நேரம் குறைந்த மாதமே மனுப் போடச் சொல்லுங்கள். மனுவுக்கு முந்தைய மாதங்களுக்கும் குறைப்புக் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்க விடாதீர்கள்.

4. வருமானப் பிரமாணப் பத்திரத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள், குமாஸ்தாவிடம் விடாதீர்கள். 2020 நவம்பர் 4ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்சநீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அத்தனையையும் சொல்லியாக வேண்டும் என்று படிவமே வகுத்துக் கொடுத்தது. விவசாயத்தை நம்பியிருப்பவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு. நம் பக்கத்து வாழைத்தோட்டக்காரரின் வழக்கில் அதைத்தான் எடுக்க வேண்டும். ஜீவனாம்சம் மனுக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. பொய் சொன்னால் தனியே குற்ற நடவடிக்கை வரும். வண்டிக் கடன், சீட்டுப் பணம் எல்லாவற்றையும் கழித்து "கையில் வருவது இவ்வளவுதான்" என்று எழுதச் சொல்வார்கள். வருமான வரி, வருங்கால வைப்பு நிதி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் போக மிச்சத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அவராக வாங்கிய கடனைப் பிள்ளையின் பாலுக்கு முன்னால் வைக்க முடியாது.

5. பருவத் தொழிலை மாதக் கணக்கில் பார்க்காதீர்கள். வெளியூர்த் தீர்ப்புகளை எடுத்து நம் ஊரில் அப்படியே பொருத்த முடியாத இடம் இதுதான். தூத்துக்குடி, முத்தையாபுரம், ஆறுமுகநேரி உப்பளங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாளைக்குக் காணும்? விசைப்படகு ஆட்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. பனையேறிக்குப் பதநீர் இறங்கும் மாதங்களில்தான் காசு. கப்பலில் போகிறவருக்கு ஒப்பந்தம் முடிந்து கரையில் இருக்கும் மாதங்களில் சம்பளமே கிடையாது.

இதில் இரண்டு தரப்பிலும் தந்திரம் நடக்கிறது. அப்பா தரப்பு மே மாதக் கணக்கைக் காட்டி "வேலையே இல்லை" என்கிறது. அம்மா தரப்பு ஆகஸ்டு மாத மீன்பாட்டைக் காட்டி "மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறார்" என்கிறது. இரண்டும் பாதி உண்மைகள். பன்னிரண்டு மாத வருமானத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தச் சராசரியை நடுவர் முன் வையுங்கள். படகுக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்காது, பங்குதான். படகு உரிமையாளரின் நோட்டு, மீன்வளத்துறையில் தடைக்கால நிவாரணம் வாங்கிய பதிவு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேடுங்கள்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். கட்டணம், நோட்டு, சீருடை, செருப்பு என்று செலவெல்லாம் தடைக்காலத்தின் கடைசி இரண்டு வாரத்தில் வந்து விழுகிறது. அப்பா கை காய்ந்திருக்கும் நேரமும் பிள்ளைக்கு அதிகம் தேவைப்படும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் மாதத் தொகையோடு கல்விச் செலவைத் தனியாகக் கேளுங்கள். நல்ல பாடு கிடைக்கும் மாதங்களில் கொஞ்சம் முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டை இரு தரப்பும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். சண்டைக்காரர்களும் இதற்கு ஒத்துவருவதைப் பார்த்திருக்கிறேன்.

6. ஓ.டி. (மிகை நேர வேலை) விஷயம். தொழிற்சாலைகளில் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். ஆகவே ஓ.டி. நின்றால் வருமானத்தில் பெரிய பள்ளம் விழும். நிர்வாகமே நிறுத்தியிருந்தால் அந்தக் கடிதத்தை வாங்குங்கள். அவரே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வருகைப் பதிவேடும் பழைய சீட்டுகளும் அதைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் இரவும் பகலும் வேலை பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாதாரண வேலை நேரச் சம்பளத்தை அடித்தளமாக வைத்து, ஓ.டி. வருமானத்தின் நீண்ட காலச் சராசரியை அதன்மேல் சேர்த்து வாதாடுவதுதான் நேர்மை.

இங்கிலாந்தில் பிள்ளையின் ஜீவனாம்சத்துக்கென்று ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. வரித்துறைக் கணக்கிலிருந்து வருமானத்தை எடுத்துத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். ஆண்டு நடுவில் வருமானம் 25 சதவீதமாவது மாறினால்தான் திருத்துகிறார்கள். நமக்கு அப்படி அட்டவணை கிடையாது. எல்லாம் நடுவரின் மதிப்பீடுதான். ஆகவே நீங்கள் கொண்டுபோகும் காகிதம்தான் அட்டவணை.

7. நம் ஊரில் பல வழக்குகள் கிறிஸ்தவக் குடும்பங்களுடையவை. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தைக் கையில் வைத்திருங்கள். வழக்கு நடக்கும்போது மனைவிக்குத் தரும் தொகை கணவரின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 36ஆம் பிரிவில் இருந்த வரம்பு 2001இல் நீக்கப்பட்டுவிட்டது; இன்னமும் அந்தக் கணக்கைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் உண்டு. நிரந்தரத் தொகை பற்றிய 37ஆம் பிரிவில், பின்னாளில் கட்ட முடியாமல் போனால் நீதிமன்றம் மாற்றலாம் என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகள்.

8. குருவானவர் முன்னிலையில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதும் உடன்படிக்கை நல்லதுதான். குடும்பம் சேர அது உதவுமானால் நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். ஆனால் "இனி பிள்ளைக்கு எதுவும் கேட்க மாட்டேன்" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்க விடாதீர்கள். அது அம்மா விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமை அல்ல, பிள்ளையுடையது. தாமாகச் சம்மதித்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்ற தடையும் பிள்ளைக்குப் பொருந்தாது.

9. அம்மாவின் வேலை நேரமும் குறைகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கூட்டிவர, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட அவர் அரை நாள் வேலைக்கு மாறியிருப்பார். எதிர்த்தரப்பு "அவரும் சம்பாதிக்கலாமே" என்று கேட்கும். 2000இல் பத்மஜா சர்மா வழக்கில், இருவரும் வேலை பார்த்ததால் பிள்ளைகளின் செலவைச் சம்பள விகிதப்படி அப்பாவுக்கு இரண்டு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு என்று உச்சநீதிமன்றம் பிரித்தது. அதை ஒப்புக்கொள்ளுங்கள். கூடவே, பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்வதையும் எடுத்து வையுங்கள். அம்மா எந்த மாதத்திலிருந்து, எதற்காக நேரத்தைக் குறைத்தார் என்று தேதியோடு எழுதுங்கள். அப்பாவுக்குக் கேட்ட காகிதம் அம்மாவுக்கும் வேண்டும்.

10. பணம் வங்கி வழியாகவே போகட்டும். ஆத்தாவிடம் கொடுத்தேன், சித்தப்பா கையில் கொடுத்தேன் என்பதற்கெல்லாம் ரசீது கிடையாது.

11. நிலுவைக்கு வாரண்டு கேட்கும் மனுவைத் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும். தவறினால் அந்த வழி அடைபடும். கடனே ஒழிந்துவிடாது என்று 2013இல் பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனாலும் அந்த ஏழைப் பெண்ணை இன்னொரு வழக்குக்கு அலைய விடாதீர்கள். உங்கள் டைரியில் ஒவ்வொரு ஜீவனாம்ச வழக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நிலுவைத் தேதியைக் குறித்து வையுங்கள். இடைக்கால மனுவை நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாய்தா கேட்டு எதிர்த்தரப்பு எழுந்தால், நீங்களும் எழுந்து அந்த 60 நாளைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஆஜராகும்போது, இழுத்தடிக்கும் வாய்தாவை நீங்கள் கேட்காதீர்கள்.