கலாசாலை மாணாக்கனும் ஏழையின் வீடும்

பிள்ளையைக் கலாசாலைக்கு அனுப்பும் பெற்றோர் மனதில் இரண்டு கவலைகள் உண்டு. பட்டணத்துக்குப் போனதும் விசுவாசத்தை இழந்துவிடுமோ என்பது ஒன்று. சங்கம், சேவை என்று அலைந்து படிப்பைக் கெடுத்துக்கொள்ளுமோ என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை சொல்லக்கூடிய ஒரு மாணாக்கனின் வரலாற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

வின்சென்ட் தே பவுல் சபையை நீங்கள் அறிவீர்கள். அதைத் துவக்கியவர்கள் குருக்கள் அல்லர். பெரும்பாலும் கலாசாலை மாணாக்கரே. அவர்களில் முதன்மையானவர் பிரெடெரிக் ஓசானாம். 1813-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி மிலான் நகரில் பிறந்து, பிரான்சு தேசத்து லியோன் நகரில் வளர்ந்தவர். தகப்பனார் வைத்தியர். மகனுக்கோ இலக்கியத்தில் நாட்டம். ஆயினும் தகப்பன் விருப்பப்படி சட்டம் படிக்க 1831-ல் பாரீஸ் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? பேராசிரியர் சிலர் வகுப்பிலேயே வேதத்தைத் தாக்கிப் பேசினர். ஓசானாமும் தோழர்களும் சும்மா இருக்கவில்லை. மறுப்பு எழுதி அனுப்பினர். வாரந்தோறும் கூடித் தர்க்கமும் செய்தனர். அக்கூட்டத்தில் ஒருவர், கிறிஸ்து வேதம் முற்காலத்தில் பெருங்காரியங்கள் செய்தது மெய்தான், இன்று நீங்கள் ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். முந்தின வருஷமாகிய 1832-ல்தான் காலரா நோய் பாரீஸில் 18,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு போயிருந்தது. அநேக ஏழைக் குடும்பங்கள் ஆதரவற்று நின்றன. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லி முடியாது என்பதை ஓசானாம் உணர்ந்தார்.

1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, அவருடைய இருபதாம் பிறந்த நாளன்று, ஆறு மாணாக்கரும் பத்திரிகை நடத்தி வந்த பாய்யி என்ற பெரியவரும் முதல் கூட்டம் கூடினார்கள். நல்ல மனம் இருந்தது, வழி தெரியவில்லை. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த மூஃப்தார் பகுதியில் உழைத்த ரோசலி ரந்து என்னும் கன்னியாஸ்திரியிடம் போனார்கள். அவர் எந்தக் குடும்பத்தைச் சந்திப்பது என்று காட்டினார். ரொட்டிக்கும் கரிக்கும் உரிய சீட்டுகளைக் கொடுத்து உதவினார். ஏழையை மரியாதையோடு நடத்தவும் கற்பித்தார்.

இனி, அவர்கள் கைக்கொண்ட முறையைக் கவனியுங்கள். வாரத்தில் ஒரு நாள் கூட்டம். சந்திக்க வேண்டிய குடும்பம் இன்னது என்ற நியமம். ஏழையைத் தம்மிடம் வரவழையாமல் அவன் வீட்டுக்கே செல்லுதல். கூட்ட முடிவில் அவரவர் சக்திக்கேற்ற காணிக்கை. இது அலைச்சல் அல்ல, ஒழுங்கு. ஆகவே படிப்பும் கெடவில்லை. ஓசானாம் 1836-ல் சட்டத்திலும், 1839-ல் இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பாரீஸ் சர்வகலாசாலையிலேயே பேராசிரியரானார். விசுவாசமோ, செயலில் வேரூன்றியதால் அசையாமல் நின்றது. 1853-ல் நாற்பதாம் வயதில் காலமான அவருக்கு, 1997-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் முத்திப்பேறு பட்டம் அளித்தார். அன்று எழுவர் துவக்கிய சபை இன்று சுமார் 150 நாடுகளில் உள்ளது.

பெற்றோரே, இன்னொன்றையும் மறவாதீர்கள். ஓசானாம் இந்தப் பாடத்தைப் பாரீஸில் புதிதாகக் கற்கவில்லை. அவருடைய தகப்பனார் ஏழை நோயாளிகளைப் பணம் வாங்காமல் பார்த்தவர். தாயாரும் நோயுற்ற ஏழைகளைத் தேடிச் சென்றவர். வீட்டில் கண்டதையே மகன் கலாசாலையில் செய்தார். பிள்ளை பட்டணத்தில் என்ன செய்யும் என்று அஞ்சுமுன், வீட்டில் என்ன பார்த்தது என்று நம்மையே கேட்பது நியாயம் அல்லவா?

இன்று இரவு ஜெபமாலைக்குப் பின் குடும்பமாகப் பேசிக்கொள்ளுங்கள்:

1. நம் தெருவில் யாரும் எட்டிப் பாராத வீடு எது?

2. படிக்கும் பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரத்தை அங்கே கொடுக்க நாம் சம்மதிப்போமா?

3. முதல் தடவை பிள்ளையோடு சேர்ந்து போகப்போவது தகப்பனா, தாயா?