லோடு வண்டிக்கு எந்த ஆயில்?

சிந்தெட்டிக்கா, சாதா மினரலா என்று கடைக்காரரைக் கேட்கும் முன், வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள். 15டபிள்யூ-40 போன்ற கிரேடும் தரக்குறியீடும் அதில் இருக்கும். அதை மீறக் கூடாது. பிஎஸ்-6 டீசல் பிக்கப்பில் புகைக்கரி வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். மலிவு என்று வேறெதையோ ஊற்றினால் வடிகட்டி அடைக்கும். மிச்சம் பிடித்த காசெல்லாம் அதற்கே போய்விடும்!

பழைய வண்டி, ஊருக்குள்ளேயே ஓட்டம், கையேடும் அனுமதிக்கிறது என்றால் மினரலே போதும். முழுப் பாரத்தோடு மலையேறும் வண்டிக்கு சிந்தெட்டிக்தான் என் தேர்வு. கடுஞ்சூட்டிலும் சட்டென்று கெட்டுக் கசடாகாது, குளிர்ந்த எஞ்சினிலும் வேகமாகப் பரவும்.

எதை ஊற்றினாலும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். வாரம் ஒருமுறை, சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள்.