"சொல்லியிருக்கலாம்" – ஆங்கிலத்தில் எப்படி?

லேத்தோடும் மல்டிமீட்டரோடும் பழகிய நமக்கு, நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதிலும் நடந்து முடிந்ததை யூகமாகச் சொல்ல வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம்! எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

சிக்கல் நம்ம தமிழிலேயே இருக்கிறது. "அவன் சொல்லியிருக்கலாம்" என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, சொன்னானோ என்னவோ, தெரியாது. மற்றொன்று, வாய்ப்பிருந்தும் சொல்லவில்லையே என்ற ஆதங்கம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'மே ஹேவ்' அல்லது 'மைட் ஹேவ்'. இரண்டாவதற்கு 'குட் ஹேவ்'. ('குட் ஹேவ்' சில சமயம் வெறும் யூகத்துக்கும் வரும், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.)

இரண்டு உண்மைச் சம்பவங்களைப் பாருங்கள். 1924-ல் மல்லோரியும் இர்வினும் எவரெஸ்ட் ஏறும்போது மறைந்தார்கள். 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. ஆனால் உச்சியைத் தொட்டார்களா என்பது இன்றும் தெரியாது. ஆகவே, "தே மே ஹேவ் ரீச்டு த டாப்."

1986-ல் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடியில் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ரப்பர் ஓ-ரிங் சரியாக அடைக்காது என்று பொறியாளர்கள் முந்தின இரவே எச்சரித்திருந்தார்கள். ஆகவே, "தே குட் ஹேவ் போஸ்ட்போன்டு த லாஞ்ச்." தள்ளிப்போட்டிருக்கலாம், போடவில்லை. இங்கே 'மே ஹேவ்' என்றால், தள்ளிப்போட்டார்களோ என்னவோ என்று அர்த்தமே மாறிவிடும்!

"செய்திருக்கணும்" என்பதும் இப்படித்தான். நிச்சயம் செய்திருப்பான் என்றால் 'மஸ்ட் ஹேவ்'. செய்ய வேண்டியது, செய்யவில்லை என்றால் 'ஷுட் ஹேவ்'.

ஒரே விதி: ஹி, ஷி எது வந்தாலும் 'ஹேவ்'தான், 'ஹேஸ்' கிடையாது. அடுத்து வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம். கோ, வென்ட், கான் என்று மனப்பாடம் செய்தோமே, அதில் 'கான்'.

இதெல்லாம் வெறும் இலக்கணம்தானே என்று நினைக்காதீர்கள். நாளை ஃபேக்டரியில் மோட்டார் எரிந்துபோனால் ரிப்போர்ட் எழுதுவது நாம்தான். "த ஆபரேட்டர் மஸ்ட் ஹேவ் ஓவர்லோடட் இட்" என்று எழுதினால் பழி அவர் தலையில் உறுதியாக விழுந்துவிடும். பேரிங் போயிருக்கலாம், ஒரு ஃபேஸ் வராமல் இருந்திருக்கலாம். பிரித்துப் பார்த்து உறுதியாகும்வரை 'மே ஹேவ்' என்றே எழுதுங்கள். ஒரு வார்த்தையால் ஒருத்தரோட வேலை போய்விடக்கூடாது, நண்பர்களே!